கரையில் நிற்பவர்கள் கூப்பிடக் கூடாது

அண்ணா, எழுதத் தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் உண்மையாக எழுதப் போகிறேன், ஒன்றையும் மறைக்கப் போவதில்லை. இது அம்மாவின் கடிதம். கை மட்டும் என்னுடையது. அம்மாவுக்குத் தன் பெயரைத் தவிர வேறு எதுவும் எழுத வராது என்பது உனக்குத் தெரியும். மீன் விற்ற கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு அவள் சொல்லச் சொல்ல, நான் தரையில் குப்புறப் படுத்து எழுதுகிறேன். அவள் நம் குப்பத்துப் பேச்சில் சொல்வதை நான் புத்தகத் தமிழுக்கு மாற்றுகிறேன். “நான் சொல்றத அப்டியே எழுதுடி, பரிச்சைல எழுதற மாதிரி ஜோடிக்காத” என்று இதற்குள் இரண்டு தடவை மிரட்டிவிட்டாள். இனிமேல் ‘நான்’ என்று வருவதெல்லாம் அம்மா. நடுவில் எனக்குச் சொல்ல ஏதாவது இருந்தால், தங்கை எழுதுவது என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்.

உறையை ஒட்டப் போவதில்லை. நாளைக்குச் செங்கல்பட்டு பஸ்ஸில் போகும் மலரக்காவிடம் கொடுத்தனுப்பப் போகிறோம். ஒட்டட்டுமா என்று கேட்டதற்கு அம்மா சொன்னாள்: “வோணாம். அவன் ரூம்ல கீற டிரைவர் பசங்க எல்லாரும் படிக்கட்டும். அவனுங்களுக்கும் வூட்ல அம்மா கீது இல்ல?”

மகனே, உன் கல்யாணப் பத்திரிகை அடித்து வந்துவிட்டது. மஞ்சள் தடவி முதல் பத்திரிகையைத் திருவிடந்தைப் பெருமாள் கோயிலில் வைத்துவிட்டு வந்தோம். உனக்குப் பெண் அமைய வேண்டும் என்று போன வருஷம் நீ அங்கே மாலை போட்டுக்கொண்டு கோயிலைச் சுற்றினாயே, அந்த மாலை காய்ந்து சருகாகி இன்னும் நம் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது. கல்யாணம் முடிந்து நீங்கள் இருவரும் போய் அதை அங்கே சேர்க்க வேண்டும். அதுவரை அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும் அல்லவா? இருக்கவில்லை. பயமாக இருக்கிறது. நல்ல சேதி வீட்டில் இருக்கும்போது பயத்தை எழுதி அனுப்பாதே என்று உன் அப்பா சொல்கிறார். ஒன்றும் இல்லாதவளுக்கு எதற்குப் பயம்? கையில் ஏதோ வந்து சேரப் போகிறது என்றால்தான் அது வழியிலேயே விழுந்துவிடுமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்திருந்தாய். புதுப் போன் வாங்கியிருந்தாய். பாட்டுப் பாடுகிறது, படம் எடுக்கிறது. அதிலிருந்து ஒரு ஒயர் வந்து உன் காதுக்குள் போயிருந்தது. நான் எதிரில் நின்று, “சோறு போடட்டுமாடா?” என்று மூன்று முறை கேட்டேன். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய், பதில் சொல்லவில்லை. பிறகு ஒயரைக் கழற்றி, “இன்னாம்மா சொன்ன?” என்றாய். வண்டி ஓட்டும்போது போன் பேசாதே என்று நான் ஆரம்பித்ததும், “அதுக்குத்தாம்மா இது. இனிமே கையே வோணாம். ரெண்டு கையும் ஸ்டியரிங்லதான் இருக்கும், காதால பேசிகினே போலாம். இன்னும் இன்னா பயம் உனக்கு?” என்றாய். உன் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “எனக்கும் ரெண்டு கையும் இன்ஜின்லதாண்டா இருந்துச்சு” என்றார். நீ சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டாய். அவர் சொன்னது உன் காதில் ஏறவில்லை என்று தெரிந்தது. அதனால்தான் இதை எழுத வைக்கிறேன். காகிதத்துக்கு ஒயர் கிடையாது.

உன் அப்பாவுக்குக் கால் முறிந்த அன்று நீ ஊரில் இல்லை. வேன் ஓட்டக் கற்றுக்கொள்ளச் செங்கல்பட்டுக்குப் போயிருந்தாய். நீ வந்து பார்த்தபோது அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார், அலை சாய்த்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நீயும் அலைதான் என்று நினைத்துக்கொண்டாய். அலை தினமும் வருகிறது. உன் அப்பா பதினைந்து வயதிலிருந்து அந்த அலையைத் தாண்டிப் போய்த் தாண்டி வருகிறவர். அதை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

நான் கல்யாணமாகி இந்தக் குப்பத்துக்கு வந்த புதிதில், உன் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பிய ஒரு காலையில் கரையில் நின்றேன். அப்போது கட்டுமரம்தான். தூரத்தில் அவர் தெரிந்ததும் புதுப் பெண்ணின் அசட்டுத்தனத்தில் கையை ஆட்டி, “தோ! இங்க கீறேன்!” என்று கத்திவிட்டேன். பக்கத்தில் நின்றிருந்த என் நாத்தனார் பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். உப்பும் மீனும் மணந்த அந்தக் கையின் அழுத்தம் இன்னும் என் உதட்டில் இருக்கிறது. அப்போதுதான் கவனித்தேன், கரையில் அத்தனை பேர் இருந்தும் ஒரு சத்தம் இல்லை. வலை இழுக்கிறவன் பேசவில்லை. கூடை வைத்திருந்த பெண்கள் பேசவில்லை. அழுத பிள்ளைக்கு அதன் அம்மா மார்பைக் கொடுத்து வாயை அடைத்தாள். ஒரே ஒரு ஆள் மட்டும் தண்ணீரில் முழங்கால் அளவு நின்று, கடலைப் பார்த்துக்கொண்டே துண்டைக் கையில் வைத்திருந்தார். மரம் கரை ஏறிய பிறகு நாத்தனார் கையை எடுத்துவிட்டுச் சொன்னாள்: “அலை உடையற எடத்துல ஆம்பள வரும்போது கரைல இருந்து பேர் சொல்லிக் கூப்புடக் கூடாது. கூப்ட்டா திரும்பிப் பாப்பான். பாத்தா போச்சு.”

அதற்கு மேல் அவள் விளக்கவில்லை, விளக்கமும் வேண்டியிருக்கவில்லை. அலை உடையும் இடத்தில் படகை ஓட்டுகிறவனுக்கு முன்னால் இருக்கும் கரை முக்கியமில்லை, முதுகுக்குப் பின்னால் எழுகிற அலைதான் முக்கியம். பெரிய அலைகள் போகட்டும் என்று வெளியே காத்திருந்து, கடல் மூச்சு விடும் அந்தச் சின்ன இடைவெளியில் உள்ளே நுழைய வேண்டும். அந்த நேரத்தில் கரையிலிருப்பவர்கள் அவனுக்குச் செய்யக்கூடிய ஒரே உதவி, தாங்கள் இல்லாத மாதிரி இருப்பது. துண்டு வைத்திருப்பவர் மட்டும் கையைத் தூக்குவார். தூக்கினால் வா, இறக்கினால் நில். மனைவி என்றாலும், மகன் என்றாலும், வீட்டில் நெருப்பே பிடித்திருந்தாலும், வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். எவ்வளவு பயம் இருக்கிறதோ அவ்வளவுக்கு அமைதியாக இருக்க வேண்டும். இதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனால் நான் பார்த்து ஒருவரும் இதை மீறியதில்லை.

பிறகு சுனாமி வந்து மரங்களை எல்லாம் கொண்டுபோனது, ஃபைபர் படகு வந்தது, அதன் பின்னாலேயே போன் வந்தது. உன் அப்பாவுக்கு அந்த முதல் போனை நீதான் வாங்கிக் கொடுத்தாய். எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி, கயிறு கட்டி அவர் கழுத்தில் நீயே மாட்டினாய். “நைனா, கரைக்கு வரதுக்கு முன்னாடியே ஏவாரிங்க கூப்புடுவாங்க, இன்னா மீனு சொல்லிட்டா ரேட்டு பேசிடலாம்” என்றாய். அது போலவே நடந்தது. கரை தெரியும் தூரம் வந்தால் போன் வேலை செய்யும். அங்கிருந்தே பேசிவிடுவார். குறையே சொல்ல முடியாது, அது நல்ல காலம்தான்.

அன்றைக்குக் கடல் கொஞ்சம் பொங்கியிருந்தது. உன் அப்பா வெளியே காத்திருந்தார். துண்டு தூக்கப்பட்டது. உள்ளே வந்தார். கரையில் நாங்கள் எல்லோரும் எப்போதும் போல வாயை மூடிக்கொண்டு நின்றோம். அந்த அமைதியில் அவர் நெஞ்சில் போன் அடித்தது. எங்களுக்கு அது கேட்கவில்லை. அவர் தலை குனிந்தது மட்டும் தெரிந்தது. எடுக்கக்கூட இல்லை, மகனே. கை இரண்டும் இன்ஜின் பிடியில்தான் இருந்தது. நெஞ்சில் வெளிச்சம் வந்ததும், யாரென்று ஒரு பார்வை பார்த்தார். பின்னால் எழுந்த அலை அவருக்காகக் காத்திருக்கவில்லை. படகின் பின்பக்கம் தூக்கிக்கொண்டது, படகு பக்கவாட்டில் திரும்பியது, கவிழ்ந்தது. அவ்வளவுதான், கண் இமைக்கும் நேரம். மேலே விழுந்த படகுக்கு அடியில் அவர் கால் இருந்தது.

எல்லா ஆண்களும் ஓடிப்போய்ப் படகைத் தூக்கினார்கள். நான் எப்படி அங்கே போனேன் என்று தெரியாது. இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தேன். கயிறு அறுந்து அந்தப் போன் என் பக்கத்தில் நுரையோடு மிதந்து வந்தது. கவருக்குள் அது நனையவே இல்லை. மறுபடி அடித்தது. நான் ஏன் எடுத்தேன் என்று கேட்காதே. மணியடித்தால் எடுக்க வேண்டும் என்று கை பழகிவிட்டது. பிளாஸ்டிக்கின் மேலேயே பொத்தானை அமுக்கிக் காதில் வைத்தேன். “அண்ணாத்த, இன்னா மீனு?” என்று ஒரு ஆள் கேட்டார். எதிரில் உன் அப்பாவைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள், அவர் கால் வேறு யாருடையதோ போல ஆடியது. “சங்கரா” என்றேன் நான். அந்த நேரத்திலும் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். அந்தச் சின்னப் பெட்டிக்கு அவ்வளவு பலம் இருக்கிறது. கேட்டால் பதில் சொல்ல வைத்துவிடும், நாம் எங்கே நிற்கிறோம் என்று அதற்குத் தெரியாது.

கால் கூடிய பிறகு அவர் மறுபடி கடலுக்குப் போகிறார், ஆனால் போனைத் தொடுவதில்லை. நீ அதை எடுத்துத் துடைத்து, “நீ வெச்சிக்கம்மா, நான் வண்டில போறச்ச பேசலாம்” என்று என்னிடம் கொடுத்தாய். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அவர் உனக்குச் சொன்ன புத்தி இதுதான்: கை எங்கே இருக்கிறது என்று பார்க்காதே, மனசு எங்கே இருக்கிறது என்று பார். அன்று அவர் கை கடலில் இருந்தது, மனசு கரைக்குப் போய் ரேட் பேச ஆரம்பித்துவிட்டது. உன் ஒயரும் அதைத்தான் செய்யும். கையை ஸ்டியரிங்கில் விட்டுவிட்டு உன்னைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடும். உன் வேனில் தினமும் பன்னிரண்டு பிள்ளைகள் ஆபீஸுக்குப் போய் வருகிறார்கள். பின்சீட்டில் தூங்குகிறார்களாமே, நீயே சொன்னாய். உன்னை நம்பித்தானே கண்ணை மூடுகிறார்கள்?

ஆகையால் மகனே, வண்டி ஓடும்போது யார் கூப்பிட்டாலும் எடுக்காதே. உன் முதலாளி கூப்பிட்டாலும் எடுக்காதே. கல்யாணப் பெண் கூப்பிட்டாலும் எடுக்காதே, அவளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். கூட்டாளிகள் மெசேஜ் அனுப்பினால் பார்க்காதே. ~~நான் கூப்பிட்டால் மட்டும் உடனே எடுத்துவிடு. எடுக்காவிட்டால் எனக்கு உயிரே போய்விடும்.~~

தங்கை எழுதுவது. மேலே அடித்திருக்கும் வரியைப் பார்த்திருப்பாய். அதை எழுதிவிட்டு என் பேனா நின்றுவிட்டது. அடிக்கச் சொன்னது அம்மாதான், ஆனால் அது பின்னால் நடந்தது. எல்லாவற்றையும் உண்மையாக எழுதுவதாகச் சொல்லிவிட்டதால், அழித்துவிடாமல் ஒரு கோடு மட்டும் போட்டேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். அண்ணா, என்னை மன்னித்துக்கொள். நீ யாரிடமும் சொல்லாதே என்று கேட்டதை நான் இன்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

“இன்னாடி நிறுத்திட்ட? கை வலிக்குதா?” என்றாள் அம்மா.

“அம்மா, அண்ணனுக்கு வண்டி ஓட்டும்போது யார் ரொம்பக் கூப்புடறாங்க தெரியுமா?” என்று கேட்டேன்.

“அந்தப் பொண்ணா?”

“நீதாம்மா.”

“போடி இவளே. நான் இன்னா, போய்ச் சேந்தியான்னு ஒரு வார்த்த கேப்பேன். அவனும் வண்டிய நிறுத்திட்டுதான் பேசறான். ஒவ்வொரு வாட்டியும் சொல்றான், நிறுத்திட்டேம்மான்னு.”

அப்போது சொன்னேன். என்னை நீ கட்டுரைப் போட்டிக்குச் செங்கல்பட்டுக்குக் கூட்டிப் போன சனிக்கிழமையை. திருக்கழுக்குன்றம் வருவதற்குள்ளேயே அம்மா இரண்டு முறை கூப்பிட்டுவிட்டாள். நீ ஒவ்வொரு முறையும், “நிறுத்திட்டுதாம்மா பேசிகினு கீறேன்” என்றாய். நான் வேகம் காட்டும் முள்ளைப் பார்த்தேன். அது எழுபதில் இருந்தது. நான் உன்னைப் பார்த்ததும் கண்ணடித்துவிட்டு, “நிறுத்திட்டேன்னு சொல்லலன்னா பயப்புடும். எடுக்கலன்னா பத்து தபா அடிக்கும். எடுத்துட்டா தொல்ல இல்ல” என்றாய். மூன்றாவது முறை ஏரிக்கரை வளைவில் அடித்தது. நீ போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, “சொல்லும்மா” என்றாய். அப்போது ஒரு அம்மா, தலையில் மீன் அன்னக்கூடையோடு, எதிர்ப்பக்கம் நின்ற பஸ்ஸைப் பிடிக்க ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார். நான் பார்த்தேன். நீ பார்க்கவில்லை. உன் கண் ரோட்டின் மேல்தான் இருந்தது அண்ணா, அதை நான் சத்தியமாகச் சொல்வேன். ஆனாலும் நீ பார்க்கவில்லை. நான் கத்தியதும் பிரேக் போட்டாய். டயர் தேய்ந்த சத்தம் எவ்வளவு நீளமாக இருந்தது! வண்டி நின்றபோது அந்த அம்மாவின் புடவை பம்பரைத் தொட்டுக்கொண்டிருந்தது. கூடை சரிந்து, மீன் எல்லாம் நம் கண்ணாடியில் விழுந்து வழுக்கி இறங்கியது.

அவர் சரிந்த கூடையை நிமிர்த்தினார். பிறகு கத்தினார்: “டேய், கண்ணு இன்னா பொடனிலயா கீது? உனக்கெல்லாம் வூட்ல அம்மா இல்ல?” உன் தோளில் இருந்த போன் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தது. “இன்னாடா சத்தம் அது?” என்று நம் அம்மா கேட்டாள். நீ சொன்னாய், “டீக்கடைல டிவிம்மா.” அம்மா சிரித்துவிட்டு, “இன்னா சீரியல்டா அது, இந்தக் கத்து கத்தறா” என்றாள். அது எனக்கும் கேட்டது. பிறகு நாம் இரண்டு பேரும் இறங்கி ரோட்டில் மீன் பொறுக்கினோம். நீ ஒரே மீனை மூன்று தடவை தவறவிட்டாய். அந்த அம்மாவே இரக்கப்பட்டு, “வுடு கண்ணு, நான் பொறுக்கிக்கறேன், நீ முதல்ல தண்ணி குடி” என்றார். செங்கல்பட்டு எல்லையில், நாம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அம்மாவுக்கு வழக்கமான அந்த ஒற்றை மணியை அடித்து நிறுத்திவிட்டாய். போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று அர்த்தமாகும் மணியை. போட்டியில் நான் ஏன் பாதிக் கட்டுரையில் எழுந்து வந்தேன் என்று நீ கேட்டபோது, ஹாலில் புழுக்கம் என்றேன். புழுக்கம் இல்லை. என் கையில் மீன் வாசம் அடித்தது. எழுத எழுத அந்த டயர் சத்தம் கேட்டது.

இதை எல்லாம் சொல்லி முடித்தபோது அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. திட்டவும் இல்லை. “அன்னக்கூடையா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “என்னிய மாதிரியே ஒருத்தியா?” என்றாள். ஆமாம் என்றேன். அவள் தன் கையைத் தூக்கித் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். யாரோ அவள் வாயைப் பொத்துவது போல இருந்தது. நான் பயந்துபோய், “அம்மா” என்றேன். கையை எடுத்துவிட்டு, “அந்தக் கடேசி வரிய அட்சிடு. எழுது” என்றாள். இனி மறுபடி அம்மா.

மகனே, அந்தக் குரலை நான் இன்னும் மறக்கவில்லை. டிவிதான் என்று நம்பியும், அந்தப் பொம்பளை கத்தியது என் காதை விட்டுப் போகவே இல்லை. இப்போதுதான் தெரிகிறது, அவள் என்னைத்தான் கேட்டிருக்கிறாள். உனக்கு அம்மா இருக்கிறாள். அம்மா இருந்ததால்தான் அது நடந்தது. இருபத்து நாலு வருஷமாக அலைக்கு முன்னால் வாயைத் திறக்காதவள் நான். என் புருஷன் கவிழ்ந்துவிடுவாரோ என்று பயந்தபோதும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவள். ரோட்டில் போகிற உன்னை மட்டும், அலை உடைகிற இடத்தில் வைத்தே தினமும் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன். பயத்தில் கூப்பிட்டேன். நீ என் பயத்துக்குப் பயந்து எடுத்தாய். நான் கேட்டது ‘பத்திரமா இருக்கியா’ என்றுதான். அந்தக் கேள்விதான் உன்னைப் பத்திரமில்லாமல் செய்தது. கரையில் இருப்பவளுக்குக் கடல் தெரியும், ரோடு தெரியவில்லை. ரோடு கட்டாந்தரைதானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்துவிட்டேன். அங்கேயும் அலை உண்டு. வளைவில் உண்டு, பஸ் நிற்கும் இடத்தில் உண்டு, கூடை சுமந்து கடக்கிறவளின் ஓட்டத்தில் உண்டு.

இனிமேல் நீ வண்டியில் இருக்கும் நேரத்தில் நான் கூப்பிட மாட்டேன். இது கோபமில்லை, சாபமுமில்லை, அப்படி எடுத்துக்கொள்ளாதே. நான் கரையில் நிற்கிறேன் என்று நினைத்துக்கொள். துண்டு உன் கையிலேயே இருக்கட்டும். வண்டியை நிறுத்தி, சாவியை உருவி, கீழே இறங்கி, உன் கால் மண்ணில் பட்ட பிறகு அந்த ஒரு மணியை அடி. அதற்கு முன்னால் அடிக்காதே. என்னைச் சமாதானப்படுத்த அடிக்காதே. மணி வரத் தாமதமானால் நான் துடிப்பேன்தான், அது என் பாடு. துடித்துக்கொண்டு சும்மா இருப்பேன். ஆனால் பொய்யாக ஒரு மணி வந்து, அதை நம்பி நான் நிம்மதியாகச் சோறு தின்றுகொண்டிருக்கும் நேரத்தில் உனக்கு ஏதாவது ஆகிவிட்டால், அந்தச் சோற்றை நான் எந்த ஜன்மத்தில் ஜீரணிப்பேன்?

வண்டி ஓட்டும்போது போனைப் பின்சீட்டில் இருக்கும் பிள்ளை ஒருவரிடம் கொடுத்துவிடு. படித்த பிள்ளைகள், அவசரம் என்றால் உன்னை ஓரங்கட்டச் சொல்லுவார்கள். ஒயரை வீட்டில் பாட்டுக் கேட்க வைத்துக்கொள். உன் ரூமில் இருக்கும் பையன்களிடம் இந்தக் காகிதத்தைப் படித்துக் காட்டு. அவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சிரித்து முடித்த பிறகு ஒவ்வொருத்தனும் தன் வீட்டுக்கு ஒரு போன் போட்டு, “வண்டில இருக்கறப்ப கூப்புடாதம்மா” என்று சொல்லட்டும். அம்மாக்கள் முதலில் அழுவார்கள். அவர்களிடமும் என் நாத்தனார் கதையைச் சொல்லு. உன் மனைவியாக வரப் போகிற அந்தப் பெண்ணிடமும் நானே உட்கார்ந்து சொல்லுவேன். அவள் கரையைச் சேர்ந்தவள் இல்லை, நெல் விளைகிற ஊர்க்காரி, அவளுக்கு இது புதிது. அவள் வாயை நான் பொத்த மாட்டேன். பக்கத்தில் உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொள்கிறேன். இரண்டு பேராகப் பயந்தால் கொஞ்சம் சுலபமாக இருக்கும்.

அந்த ஏரிக்கரை வளைவில் எப்போதாவது அந்தக் கூடைக்காரியைப் பார்த்தால் வண்டியை நிறுத்து. ஏற்றிக்கொண்டு போய் அவள் கேட்கும் இடத்தில் விடு. எனக்கு அம்மா இருக்கிறாள் என்று அவளிடம் சொல்லு.

தங்கை எழுதுவது. அம்மா சொல்லி முடித்துவிட்டாள். ஆனால் கடிதம் முடியவில்லை, ஏனென்றால் இன்று உனக்கு மாலை டிரிப் என்று எங்களுக்குத் தெரியும். வழக்கமாக அப்பா சாப்பிட உட்காரும் நேரத்துக்கு உன் மணி வந்துவிடும். அப்பா சாப்பிட்டுக் கை கழுவியாகிவிட்டது. வரவில்லை. அம்மா போனைக் கையில் எடுத்தாள். கட்டைவிரல் தானாகவே பொத்தானுக்குப் போனது. நான் எழுதுவதை நிறுத்திவிட்டு அந்த விரலையே பார்த்தேன். பிறகு அவள் போனைத் தரையில் வைத்து, அதன்மேல் கழுவிய மீன்கூடையைக் கவிழ்த்தாள். கூடையின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கூடைக்குள் கோழிக்குஞ்சு இருப்பது போலவும், கையை எடுத்தால் ஓடிவிடும் போலவும் இருக்கிறது.

“இன்னாமே, கூப்ட்டுப் பாக்கறதுதானே?” என்று அப்பா கேட்டார்.

“இன்னும் அலைக்குள்ளதான் வந்துகினு கீறான்” என்றாள் அம்மா. நம் வீட்டில் மூன்று பேர் இருந்தும் ஒரு சத்தம் இல்லை. கடல் மட்டும் கேட்கிறது.

வழியில் டயர் மாற்றிக்கொண்டிருக்கலாம். யாரையாவது இறக்கிவிடக் காத்திருக்கலாம். அல்லது இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கலாம், பொய் மணி அடிக்காமல், இரண்டு கண்ணும் ரோட்டில் இருக்க. இந்தக் கடிதம் இன்னும் உன் கைக்கு வரவில்லை, ஆகையால் நீ அதை அறிந்து செய்ய முடியாது என்று என் அறிவுக்குத் தெரிகிறது. ஆனாலும் அப்படி நினைத்துக்கொள்கிறேன். நீ இதைப் படித்துக்கொண்டிருக்கிறாய் என்றால் அந்த மணி பிறகு வந்துவிட்டது என்று அர்த்தம். உனக்கு அது தெரியும். இந்த வரியை எழுதும் எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. அவள் கை இன்னும் கூடையின் மேல்தான் இருக்கிறது.

விடிவதற்கு முன்பே கடலுக்குப் போக வேண்டும், படு என்று அப்பா சொல்லிவிட்டார். கடைசி வரி கோணலாகப் போயிருந்தால் பார்த்துப் படித்துக்கொள், அண்ணா. விளக்கை அணைத்துவிட்டார்கள்.